பீடத்தில் வைத்த கிட்டார்

ஏப்ரல் 9, வியாழன்

காலை ஜெபம். பால் இரண்டு பாக்கெட். கேஸ் வந்தது. மாடி ஏறினதற்குக் கூடுதலாகக் கேட்டான். நாங்கள் இருப்பது கீழ்வீடு, கொடுக்கவில்லை.

பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து நாலு பேர் டோரின் மிஸ் வீட்டுக்குப் போனோம். பொன்மலை ரயில்வே பள்ளிக்கூடத்தில் எங்கள் மகன் கிளாட்வினுக்கு இங்கிலீஷ் எடுத்த சட்டைக்கார மிஸ், அதாவது ஆங்கிலோ இந்தியர்; பெண்களையும் 'மேன்' என்றுதான் கூப்பிடுவார். எண்பது தாண்டிவிட்டது. தனியாக இருக்க முடியாது என்று தங்கை மகன் ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்கு, அழைத்துக்கொள்கிறான். வழியனுப்பு ஜெபம் செய்தோம். ரவா லட்டு கொண்டுபோயிருந்தேன், பாதி உடைந்துவிட்டது.

ஜெபம் முடிந்ததும் மிஸ் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை இழுக்கச் சொன்னார். உள்ளே கிட்டார். நான் பார்த்த கிட்டார் எதையும் போல இல்லை. நடுவில் வட்ட ஓட்டை கிடையாது. வயலினுக்கு இருப்பதுபோல இரண்டு பக்கமும் நெளிந்த ஓட்டைகள். மேல்பலகை தட்டையாக இல்லாமல், நடுவில் எழும்பி ஓரத்தில் தாழ்ந்து, சட்டிமேல் கவிழ்த்த மூடிபோல இருந்தது. பின்பக்கம் புலிக்கோடு போட்ட மரம்.

"வளைச்சிருக்காங்களா மிஸ்?"

"வளைக்கிறதாவது! செதுக்கினது மேன். எங்க அண்ணன் சிரில் செதுக்கினான்."

சிரில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பேட்டர்ன் மேக்கராம். இரும்பு வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்துகொடுக்கிற வேலை. வீட்டுக்கு வந்து, கனத்த பலகையை உளியால் குடைந்து குடைந்து தோசைக் கனத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். விரலால் தட்டித் தட்டிக் கேட்பாராம், இன்னும் எங்கே குடைய வேண்டும் என்று. இந்த வகைக்கு ஆர்ச்டாப் என்று பெயர். சனிக்கிழமை ரயில்வே இன்ஸ்டிடியூட் டான்ஸில் மைக் இல்லாமலே டிரம்ஸுக்கு நடுவில் கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்ததாம். ஓட்டை வழியாக டார்ச் அடித்தால் உள்ளே பென்சிலில் அவர் பேரும் 1956 என்றும் தெரிகிறது.

மற்றவர்கள் லட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மடியில் எடுத்து வைத்தேன். எல்லாக் கம்பியையும் சேர்த்து மீட்டுகிற ஜி கார்டு ஒன்றே ஒன்று போட்டேன்.

மிஸ் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அடியே சுகி, எங்க மேன் கத்துக்கிட்ட?"

"வீட்லதான் மிஸ். கிளாட்வின் விட்டுட்டுப் போன கிட்டாரு இருந்துச்சு. புக்கைப் பாத்து."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்ல மிஸ். மத்தியானத்துல வேல இருக்காதுல்ல."

வரும் வழியில் ரத்தினபாய் அக்கா, "உனக்கு இந்த வித்தை வேறயா சுகிர்தம்? எங்களுக்கெல்லாம் அதிரசம் மட்டும்தான காட்டுற" என்று சிரித்தார்.

ஏப்ரல் 10, வெள்ளி

சங்கரா மீன் அரைக் கிலோ. அந்த ஒரு கார்டு இன்னும் காதில் இருக்கிறது. மற்ற கிட்டாரில் ஓசை ஊறிக்கொண்டே கிடக்கும். இது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

ஏப்ரல் 14, செவ்வாய்

விடுமுறை. சேமியா பாயசம்.

எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். போன வருஷம் ஓய்வு பெற்றதிலிருந்து அவர் மத்தியானமும் வீட்டில்தான். கிளாட்வின் கிட்டார் அன்றிலிருந்து பரணில் இருக்கிறது. டிவி பார்க்கிறவருக்கு இடைஞ்சல் கூடாது, அவர் சொன்னதில் தப்பில்லை.

"என்னங்க, டோரின் மிஸ் ஒரு கிட்டாரு விக்கிறாங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

சிரித்தார். கோபப்படவில்லை. "பல்லு ஆடுற வயசுல டொய்ங் டொய்ங்கா? ஊரு சிரிக்கும்டீ."

"கோயில்ல பாட்டுக்கு ஆகும்ங்க."

டிவி சத்தத்தைக் குறைத்தார். "கோயிலுக்கா?"

"ம்."

"கோயிலுக்குன்னா சரி. அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான."

கோயிலில் வாசிக்கத்தான் போகிறேன், அதனால் நான் சொன்னது பொய்யில்லை.

ஏப்ரல் 18, சனி

சீட்டுப் பணம் எடுத்துக்கொண்டு போனேன். சென்னை ஓட்டல்காரர் ஒருவர் இதைப்போல மூன்று பங்கு தருகிறேன் என்று வந்தாராம். வரவேற்பறைச் சுவரில் மாட்ட வேண்டுமாம்.

"செவுத்துல மாட்டவா சிரில் கையைக் கிழிச்சுக்கிட்டான்? போயா வெளியன்னுட்டேன்" என்றார் மிஸ். பணத்தை எண்ணாமலே தலையணை அடியில் வைத்தார். "எண்ணுங்க மிஸ்" என்றேன். "நீ எண்ணியிருப்ப, எனக்குத் தெரியாதா? இந்த உலகத்துல லட்டுக்குக்கூட கணக்கு எழுதுறவ நீ ஒருத்திதான்."

அப்புறம் என் கையைப் பிடித்து நுனிவிரல்களைத் தடவிப் பார்த்தார். ஒரு வருஷமாக வாசிக்காததில் காய்ப்பு உரிந்து போயிருந்தது. "தெனமும் வாசிக்கணும் மேன். வாசிக்காம வெச்சா இந்த மரம் ஊமையாயிடும்."

அங்கேயே மனதில் பொருத்தனை செய்துகொண்டேன். இதில் முதல் பாட்டு ஆண்டவருக்கு, அவர் சந்நிதியில். அதுவரை வீட்டில் ஒரு பாட்டும் வாசிப்பதில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

மிஸ் நேற்று விமானம் ஏறிவிட்டார். அவர் பக்கத்து வீட்டில் எனக்காக விட்டுப்போயிருந்த கிட்டார் பெட்டியை ஆட்டோவில் கொண்டுவந்தேன். "யாரும்மா உள்ள, பொணமா?" என்றான் ஆட்டோக்காரன். பின்னறையில் வைத்தேன்.

மே 6, புதன்

கத்திரி வெயில். வடகம் பிழிந்து காயப்போட்டேன். காக்காய்க்குக் கறுப்புக் குடை விரித்தேன்.

பொருத்தனைப்படி பாட்டு வாசிப்பதில்லை. ஸ்கேலும் கார்டும் மட்டும். அது பாட்டாகாது, ஆண்டவருக்குத் தெரியும். பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவர் தூங்கும்போது, கட்டைவிரல் சதையால் மெல்ல. மெல்லத் தொட்டாலும் இந்தக் கிட்டார் முணுமுணுப்பதில்லை. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக எழுந்து நின்று பேசுகிறது. கார்டு போட்டால் ஆறு பேர் சேர்ந்து பாடுகிற மாதிரி, ஆனால் ஒவ்வொருவர் குரலும் தெரிகிற மாதிரி. ஐம்பத்தாறு வயதில் எனக்கு இவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதே இப்போதுதான் தெரிகிறது.

விரலில் காய்ப்பு திரும்பிவிட்டது. பாத்திரம் தேய்க்கும்போது எரிகிறது. பரவாயில்லை.

மே 13, புதன்

அவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "எந்நேரமும் இதானா?" என்றார். ரசம் ஏற்கெனவே இறக்கிவைத்திருந்தேன்.

மே 21, வியாழன்

என் தையல் டேப்பைக் கேட்டார். பின்னறை ஜன்னலுக்குத் திரை தைக்க அளவு எடுக்கிறாராம். இத்தனை வருஷத்தில் திரையைப் பற்றி அவர் பேசியதில்லை. சந்தோஷமாக இருந்தது.

மே 23, சனி

நாளை எடுத்துப்போகிறேன். எங்கள் கோயிலில் புதிதாக எது வாங்கினாலும் பீடத்தண்டை வைத்து ஜெபித்து எடுத்துக்கொள்வது வழக்கம். வண்டிச் சாவி, பிள்ளைகளின் பாடப்புத்தகம், போன வருஷம் ஜான்சி வாங்கின தையல் மெஷினைக்கூட நாலு பேர் தூக்கி வந்து வைத்தார்கள். ஜெபம் முடிந்ததும் அவரவர் பொருளை அவரவர் கொண்டுபோவார்கள். காணிக்கையாகக் கொடுத்தது மட்டும்தான் அங்கேயே இருக்கும்.

ஜெபம் முடிந்ததும் நான் ஒரு கீர்த்தனை வாசிக்கலாமா என்று போதகரிடம் கேட்டுச் சொல்லும்படி அவரிடம் போன வாரமே சொல்லிவிட்டேன். "அதெல்லாம் பேசிட்டேன்" என்றார்.

நீலப் பட்டுச்சேலையை இஸ்திரி போட்டேன்.

மே 24, ஞாயிறு

பெந்தெகொஸ்தே பண்டிகை. கூட்டம் அதிகம். பீடப் படியில் பெட்டியைத் திறந்துவைத்தேன். பக்கத்தில் கிட்டார் நிறுத்துகிற புதிய ஸ்டாண்ட் ஒன்று இருந்தது.

போதகர் ஜெபித்தார். நான் எழுந்து நடக்க ஆரம்பித்தேன். அதற்குள் போதகர், "நம் சபையின் பாடகர் குழுவுக்கு இந்த அருமையான இசைக்கருவியைக் காணிக்கையாகப் படைத்திருக்கிற சகோதரர் ஞானதுரை குடும்பத்தாரை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக" என்றார். எல்லாரும் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பிக் கை தட்டினார்கள். நான் நடுவழியில் நின்றேன். ரத்தினபாய் அக்கா சேலையைப் பிடித்து இழுத்து, "உக்காரு, பாட்டு ஆரம்பிக்குது" என்றார்.

பாடகர் குழுத் தலைவன் எபினேசர் அதைத் தூக்கி மாட்டிக்கொண்டான். முதல் பாட்டு அவன் வாசித்தான். ஆண்டவருக்கு முதல் பாட்டு என்ற என் பொருத்தனை அப்படியே நிறைவேறியது.

வெளியே வரும்போது கோயில் ஊழியர் மாசிலாமணி, "ஸ்டாண்டு கரெக்டா உக்காந்துச்சு பாத்தீங்களாம்மா? சார் வெள்ளிக்கிழமையே வந்து அளவு குடுத்துட்டாரு" என்றார்.

பின்னறை ஜன்னலுக்குத் திரை அளவு எங்கேயும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. மறந்திருப்பார்.

மத்தியானம் கறிக்குழம்பு. சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார்.

"ஏன் மூஞ்சி தொங்குது? நீதான கோயிலுக்குன்னு சொன்ன?"

"கோயில்ல வாசிக்கன்னு சொன்னேன்."

"அந்தப் பசங்க வாசிக்கலையா? பொம்பள அங்க ஏறி நின்னு வாசிச்சா நல்லாவா இருக்கும்? யோசிச்சுப் பாரு. எத்தனை பேர் எங்கிட்ட வந்து கை குடுத்தாங்க தெரியுமா?"

"கமிட்டி எலெக்‌ஷனுக்கு ஆகும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

மே 26, செவ்வாய்

போதகர் வீட்டுக்குப் போனேன். திரும்பக் கேட்கப் போனேன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

வாய் திறப்பதற்குள் போதகர், "அம்மா, உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம். சார் எல்லாம் சொன்னாரு. சீட்டுப் பணத்தை அப்படியே போட்டு வாங்கிக் குடுத்திருக்கீங்க. இந்தக் காலத்துல யாருக்கு மனசு வரும்?" என்றார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். டீ வந்தது. மெல்லிய பீங்கான் கோப்பை, விருந்தாளிகளுக்கு உள்ளது.

"ஐயா, நான் அதுல கொஞ்சம் வாசிப்பேன்."

"அப்படியா? ரொம்பச் சந்தோஷம்!"

"வார நாள்ல வந்து வாசிக்கலாமான்னு..."

"தாராளமா. ஆனா கிட்டாரு வெச்சிருக்கிற பீரோ சாவி எபினேசர் கையில இருக்கு. அவன் செல்போன் கடைய மூடிட்டு வர்றப்ப எட்டாயிடும். சொல்லிப் பாக்கறேன்." பிறகு முகம் மலர்ந்தது. "அதவிட, வர்ற ஞாயித்துக்கிழமை நீங்க ஒரு சாட்சி சொல்லணும்மா. ஆசைப்பட்ட பொருளை ஆண்டவருக்குக் குடுக்கறதப் பத்தி. ஜனங்க கேக்கணும்."

பீடத்தில் வைத்ததைத் திரும்பத் தா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 31, ஞாயிறு

சாட்சி சொன்னேன்.

ஜூன் 7, ஞாயிறு

சபைக் கமிட்டித் தேர்தல். எல்லாரையும்விட அதிக வாக்கு அவருக்கு. செயலாளர். வீட்டுக்குப் பதினைந்து பேர் வந்தார்கள். மட்டன் பிரியாணி, வெங்காயப் பச்சடி. அரிசி கொஞ்சம் குழைந்துவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

ஜூன் 10, புதன்

பெர்த்திலிருந்து டோரின் மிஸ் போன் செய்தார். அங்கே குளிராம். கம்பளிக்குள்ளே இருந்து பேசுகிறேன் என்றார்.

"இன்னிக்கு என்ன மேன் வாசிச்ச?"

"கோயில்ல வாசிக்கிறாங்க மிஸ்."

"யாரு?"

"பசங்க."

"நீ?"

"எனக்குச் சமையல் இருக்கு மிஸ்."

"ஓட்டல்காரன் நல்லவன்" என்றார். பிறகு வைத்துவிட்டார்.

ஜூன் 11, வியாழன்

ரேஷனில் பருப்பு போடவில்லை. விரலில் காய்ப்பு உரிய ஆரம்பித்திருக்கிறது. பாத்திரம் தேய்க்க வசதி.

ஜூன் 18, வியாழன்

சாயங்காலம் எபினேசர் வந்தான். கையில் துணிப்பொட்டலம்.

"ஆன்ட்டி, தப்பா நெனைக்காதீங்க. புதுக் கம்பி மாத்தலாம்னு எல்லாத்தையும் ஒண்ணா அவுத்தோம். இது கழண்டு கையோட வந்துருச்சு."

பொட்டலத்தைப் பிரித்தான். கம்பிகளைத் தாங்குகிற கருமரக் கட்டை. வீணைக்காரர்கள் குதிரை என்பார்கள். அவன் முகம் வெளுத்திருந்தது. உடைத்துவிட்டதாக நினைத்திருக்கிறான், பாவம்.

உடையவில்லை. மற்ற கிட்டாரில் இதை ஒட்டியிருப்பார்கள். ஆர்ச்டாப்பில் ஒட்டக் கூடாது. கம்பிகளின் இறுக்கம்தான் அதைப் பலகைமேல் பிடித்துவைக்கிறது. அதனால்தான் கம்பியை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். கழன்றாலும் மோசமில்லை, கால்மணி நேர வேலை. பலகை வார்னிஷில் அது நின்ற தடம் லேசாகத் தெரியும், அங்கே வைத்துக் கம்பியைப் பாதி இறுக்க வேண்டும். பிறகு கழுத்தில் பதித்த பன்னிரண்டாவது பிரெட்டுக்கு, வீணையில் மெட்டு என்பார்களே அதற்கு, நேரே விரலை லேசாகத் தொட்டு மீட்டினால் ஒரு மணியோசை வரும். அதே இடத்தில் அழுத்தி மீட்டினாலும் அதே சுருதி வர வேண்டும். வராவிட்டால் குதிரையை முன்னும் பின்னும் மயிரிழை நகர்த்தி வந்ததும் விட்டுவிட வேண்டும். ஒரு நெல் அகலம் தவறினாலும் மேலே போகப்போக ஒவ்வொரு சுரமும் புளித்துவிடும்.

"இது எங்க உக்காரும்னு உங்களுக்குத் தெரியுமா ஆன்ட்டி? உங்ககிட்டதான இருந்துச்சு."

நான் பதில் சொல்வதற்குள் அவர் டிவியிலிருந்து திரும்பாமலே, "அவளுக்கு என்னப்பா தெரியும்? சும்மா டொய்ங் டொய்ங்னு தட்டிக்கிட்டிருப்பா" என்றார்.

எபினேசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவரு சொல்றது சரிதான் தம்பி. எனக்கு என்ன தெரியும்" என்றேன்.

"அப்ப நம்ம கார்பென்டர் தாஸ்கிட்ட சொல்லி ஒட்டிரலாமா? நல்ல பசை வந்திருக்கு, யானை இழுத்தாலும் வராது."

"ஒட்டிரு, ஒட்டிரு. கமிட்டியில சாங்‌ஷன் பண்ணிடறேன்" என்றார் அவர்.

காப்பி போட்டுக்கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். குதிரையைத் துணியில் சுற்றி அவன் கையில் நானே கொடுத்தேன்.

இரவு ஜெபத்தில் எல்லாருக்காகவும் மன்றாடினேன். கணவர், கிளாட்வின், டோரின் மிஸ், போதகர், எபினேசர். எனக்காக ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

ஜூன் 20, சனி

மழை தூறல். எபினேசர் கடையைக் கடந்துதான் மார்க்கெட்டுக்குப் போனேன். ஒட்டிவிட்டார்களா என்று கேட்கலாம் என்று நினைத்தேன். "காலைலயே ஒட்டிட்டோம் ஆன்ட்டி, சும்மா கல்லு மாதிரி இருக்கு" என்று அவனே கூவினான். முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 21, ஞாயிறு

ஒட்டின பிறகு முதல் ஆராதனை. கீழே இருக்கிற கார்டுகளில் பிசகு தெரியவில்லை. இரண்டாவது சரணத்தில் எபினேசர் கை மேல் சுரங்களுக்குப் போனது. ஒரு நெல் அகலம் இல்லை, இரண்டு நெல். எனக்குப் பல் கூசியது.

சுற்றிப் பார்த்தேன். ரத்தினபாய் அக்கா கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். போதகர் தாளம் போட்டார். செயலாளர் இருக்கையில் அவர் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று வரி போனதும் சபை மொத்தமும் மெதுவாக, தெரியாமலே, கிட்டாரின் பக்கம் சாய்ந்து போய்விட்டது. சரியான இடத்தில் நின்றது நான் மட்டும்தான்.

மனதில் ஒரு வருத்தமும் இல்லை.

ஜூலை 5, ஞாயிறு

வீட்டுக்கு வரும் வழியில், காய்கறிப் பையை நான் தூக்கிக்கொண்டு பின்னால் வர, அவர் நின்று திரும்பினார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத. நாலு பேரு எங்கிட்ட சொல்லிட்டாங்க. நீ பாடுறது கிட்டாரோட சேரவே மாட்டேங்குது. தனியாக் கேக்குது."

"அப்படியா?"

"சுருதின்னு ஒண்ணு இருக்குல்ல. அடுத்த வாரத்துலருந்து கொஞ்சம் மெதுவாப் பாடு."

சரி என்றேன்.

ஜூலை 12, ஞாயிறு

மெதுவாகப் பாடவில்லை.